காலி மேசை அச்சகம்

ஊத்துப்பொட்டலில் மழைக்குப் பஞ்சம் வந்திருக்கிறது, வேலைக்குப் பஞ்சம் வந்திருக்கிறது, தீப்பெட்டி ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிய பிறகு மாப்பிள்ளைகளுக்குக்கூடப் பஞ்சம் வந்திருக்கிறது, ஆனால் வாய்ப்பேச்சுக்குப் பஞ்சம் வந்ததாக அந்த ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படிப்பட்ட ஊரில், இல்லாத ஓர் அச்சு இயந்திரம் வெறும் பேச்சிலேயே அச்சடிக்கத் தொடங்கியது என்றால் அதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. வேறு எந்த ஊரில் அது நடந்திருக்க முடியும்?

தொடங்கிவைத்தவர் பால்பாண்டி. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் எந்தக் கரண்டுக் கம்பத்தைப் பார்த்தாலும் அண்ணாந்து ஒரு குறை சொல்லாமல் கடக்க மாட்டார். அவருடைய பேரனின் காதுகுத்துப் பத்திரிகையைப் பக்கத்து டவுனில் ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தார். அவர்கள் தாய்மாமன் படத்துக்கு மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அடித்து அனுப்பிவிட்டார்கள், தாய்மாமன் சீர்த்தட்டை மண்டபத்து வாசலிலேயே கவிழ்த்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டான், பேரனின் காது குத்தாமலேயே நின்றது. அன்றைக்கே பால்பாண்டி சபதம் போட்டார்: நம்ம ஊருக்கு நாமளே ஒரு மெசின் செய்யணும், கரண்டுல ஓடணும், எவன் தயவும் கூடாது. சபதம் போடுவதில் ஊத்துப்பொட்டல்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சபதத்துக்குத் துணையாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் தையல் மெசின் ரிப்பேர் பார்க்கும் சுடலைமணி. மற்றவர் ஞானதிரவியம், கம்ப்யூட்டர் வந்து பிழைப்பில் மண்ணைப் போடும்வரை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். அவருடைய டைப்ரைட்டர்களெல்லாம் எடைக்குப் போய்விட்டன, எடைக்காரனும் வேண்டாம் என்று தள்ளிய ஓர் இரும்பு மேசை மட்டும் அந்த அறையில் மிச்சமிருந்தது. அந்தக் காலி மேசையைச் சுற்றித்தான் மூன்று பேரும் தினமும் காலையில் உட்கார்ந்து, மெசினை எப்படிச் செய்வது என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

யோசனை என்றால் சாதாரண யோசனையா? பழைய தமிழ் டைப்ரைட்டர் ஒன்றைப் பிடித்து, ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஒரு காலிங்பெல் காயிலை வைத்தால், கரண்டு பாய்ந்ததும் காயில் கம்பியை இழுக்கும், கம்பி விசையை இழுக்கும், எழுத்து போய்த் தாளில் அறையும் என்றார் ஞானதிரவியம். அத்தனை காயிலும் ஒன்றாகச் சூடேறினால் மெசின் அச்சடிக்காது, அடுப்பெரிக்கும் என்று சுடலைமணி சிரித்தார். அவருடைய கணக்கில் ஒரு சைக்கிள் சக்கரம் போதும், எழுத்துகளை அதன் விளிம்பில் சுற்றிலும் ஒட்டி, லாரி வைப்பர் மோட்டாரை வைத்துச் சுழற்றினால், வேண்டிய எழுத்து எதிரே வரும்போது பின்னாலிருந்து ஒரு சுத்தியல் தட்டிவிடும். எழுத்து வந்ததும் சக்கரம் நிற்க வேண்டுமே, அதை உன் மாமனாரா வந்து பிடித்து நிறுத்துவார் என்று பால்பாண்டி கேட்டார். எழுத்தே வேண்டாம், ஊசிகளை வரிசையாக நிறுத்திப் புள்ளி புள்ளியாகக் குத்தினால் எந்த எழுத்தும் வரும் என்பது அவர் கட்சி.

“தாளு சல்லடையாப் போயிரும்வே,” என்றார் சுடலைமணி.

“ஊசி நுனியை மழுக்கிட்டா?”

“மழுக்கினா அது ஊசியா, ஆணியா?”

தாளை இழுக்கக் கரும்புச்சாறு மெசினின் உருளைகளைப் போடலாமா, போட்டால் கல்யாணப் பத்திரிகையில் எறும்பு ஏறுமா என்பதில் ஒரு வாரம் ஓடியது. மையை அடுப்புக்கரியில் காய்ச்சுவதா, விளக்குக் கரியில் காய்ச்சுவதா என்பதில் சுடலைமணியும் ஞானதிரவியமும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தார்கள். ஒருவரும் ஒரு திருகாணியைக்கூடக் கையால் தொடவில்லை, தொடுகிற உத்தேசமும் யாருக்கும் இல்லை, கையை அழுக்காக்காமல் ஊருக்கு உழைப்பதில் கிடைக்கிற சுகத்தை அவர்கள் விடுவதாக இல்லை.

அப்படி ஒரு காலையில், சுத்தியல் மேலிருந்து விழ வேண்டுமா, பின்னாலிருந்து தட்ட வேண்டுமா என்று மூவரும் குரல் உயர்த்திக்கொண்டிருந்தபோது, காலி மேசையின்மேல் டக்கென்று ஒரு சத்தம் கேட்டு, டக்டக்கென்று அது தொடர்ந்து, ஒரு தாள் வந்து விழுந்தது. பால்பாண்டியின் பேரனுடைய காதுகுத்துப் பத்திரிகை. தாய்மாமன் படம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, கண்ணீரும் இல்லை அஞ்சலியும் இல்லை. பால்பாண்டி எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“மை கொஞ்சம் தூக்கல்,” என்றார்.

“நான் சொன்ன விளக்குக் கரியைப் போட்டிருந்தா இப்படி ஒட்டாது,” என்றார் ஞானதிரவியம். மறுபடியும் சண்டை பிடித்துக்கொண்டது, மறுபடியும் தாள் விழுந்தது, இந்தத் தடவை மை சரியாக இருந்தது.

செய்தி மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. வந்தவர்கள் காலி மேசையைப் பார்த்தார்கள், விழுகிற தாளைப் பார்த்தார்கள், எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தாளை நாங்க கொண்டாரணுமா, நீங்களே போட்டுக்குவீயளா என்பதுதான் முதல் கேள்வி. கலர் உண்டா என்பது இரண்டாவது. கரண்டு ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்து மீட்டரைப் பார்த்தார், அது சுற்றவே இல்லை, ஒரு டீயைக் குடித்துவிட்டு அவரும் தன் மச்சினன் கல்யாணத்துக்கு ஒரு பத்திரிகை சொல்லிவிட்டுப் போனார்.

பழகப் பழக மெசினின் குணம் ஊருக்குப் பிடிபட்டது. உருளையைப் பற்றிப் பேசினால் வரிகள் நேராக வந்தன, மையைப் பற்றிப் பேசினால் எழுத்து கறுத்தது, சுடலைமணிக்குப் பல்வலி வந்து பாதிப் பேச்சில் எழுந்துபோன அன்று அடித்த வளைகாப்புப் பத்திரிகை முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. மூவரும் ஒத்துப்போனால் ஒன்றும் விழவில்லை. ஆகவே அவர்களை ஒத்துப்போக விடாமல் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு ஆயிற்று. ஒருவர் சமாதானமாகத் தலையாட்டினால் வாசலில் நிற்பவர்கள் பதறிப்போய், “அதெப்படி அண்ணாச்சி, அன்னைக்கு உம்ம மாட்டை அவுத்து விட்டதே அவருதானே,” என்று பழைய பகையை எடுத்துக் கொடுத்தார்கள். டீயும் வடையும் தடையில்லாமல் வந்தன. ஆயுத பூஜைக்குக் காலி மேசைக்குச் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்து, முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள்.

ஒரு தடவை சுடலைமணி, கை சும்மா இருக்க மாட்டாமல், நிஜமான ஒரு காலிங்பெல் காயிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அன்று முழுக்க ஒரு புள்ளிகூட விழவில்லை. ஊர் கூடி அவரைக் காறித் துப்பாத குறை. அதற்குப் பிறகு, அந்த அறைக்குள் ஸ்குரூடிரைவரோடு யாரும் நுழையக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். செய்வதைவிடப் பேசுவது மேல் என்று அதுவரை பழக்கத்தில் மட்டும் வைத்திருந்ததை ஊத்துப்பொட்டல் அன்று சட்டமாக்கிக்கொண்டது.

இவ்வளவு பெரிய அதிசயத்தை ஒரு மத்தியானத்தில், இட்லியை விழுங்குவதுபோல் விழுங்கிச் செரித்த ஊருக்கு, ஒரு பொம்பளையின் பெயர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அதுதான் கதை.

அவள் பெயர் முப்பிடாதி. லாரியில் போன புருஷன் தங்கச்சாமி விபத்தில் செத்துப்போனபோது மகள் சண்முகப்பிரியாவுக்குப் பால்பல்கூட விழவில்லை. ஒரு பழைய கிரைண்டரை வாங்கிப் போட்டு மாவரைத்து விற்றாள். அந்த மாவில்தான் ஊர் இட்லி தின்றது, மகள் காலேஜ் முடித்தாள், நகை சேர்ந்தது, சாத்தூர்ப் பக்கம் ஒரு நல்ல மாப்பிள்ளையும் அமைந்தான். இத்தனை வருஷத்தில் புருஷனின் அண்ணன் ஆவுடையப்பன் அவள் வாசலுக்கு வந்தது மாவு வாங்க மட்டும்தான், அதற்கும் தன் வீட்டிலேயே பெரிய தூக்குவாளியாகப் பார்த்து எடுத்து வருவார். கல்யாணம் நிச்சயமானதும், பத்திரிகை எழுதுவதற்குப் பேனாவோடு வந்தார்.

எழுதியதை வாசித்துக் காட்டினார். தெய்வத்திரு தங்கச்சாமி அவர்களின் ஏக புதல்வி என்று தொடங்கி, தங்கள் நல்வரவை விரும்பும் ஆவுடையப்பன் – குருவம்மாள் என்று முடிந்தது. குருவம்மாள் அவர் மனைவி.

“என் பேரு எங்க அத்தான்?” என்று முப்பிடாதி கேட்டாள்.

“தாலியறுத்தவ பேரை மங்கலப் பத்திரிகையில போடுத வழக்கம் நம்ம ஊர்ல உண்டாம்மா? நான் என்ன புதுசாவா சொல்லுதேன்?”

“செத்தவரு பேரு மட்டும் முதல் வரியில நிக்கே.”

“அவன் ஆம்பளை.”

ஊத்துப்பொட்டலின் சாஸ்திரம் முழுவதையும் இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதில்லை. செத்த ஆம்பளை ஊரை அழைக்கலாம், உயிரோடிருக்கிற பொம்பளை அழைக்கக் கூடாது.

“விடும்மா, கல்யாணம் நல்லபடியா நடந்தாப் போதும்,” என்றாள் சண்முகப்பிரியா.

“நடக்கத்தான் போகுது. யாரு நடத்துதாங்கதுதான் எனக்குத் தெரியணும்,” என்றாள் முப்பிடாதி. அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது; பெற்று வளர்த்த பிள்ளையின் கல்யாணத்துக்கு யாரோ அழைத்துப் போகிற விருந்தாளியாக நிற்க அவள் தயாராக இல்லை.

மறுநாள் அவளே காலி மேசைக்குப் போனாள். மூவரும் சக்கரத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகையின் கடைசி வரியில் தன் பெயரை வைத்து அடித்துத் தரச் சொன்னாள். பால்பாண்டி வடையைக் கீழே வைத்தார்.

“எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. மெசினு ஒத்துக்கிடாது.”

“எந்த மெசினு அண்ணாச்சி? நான் மேசையைத்தானே பாக்கேன்.”

“அப்படிச் சொல்லப்படாது,” என்று சுடலைமணி அவசரமாக மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“சும்மா ஒரு தடவை பேசிப் பாருங்க. டைப்ரைட்டரோ ஊசியோ, எதையாவது பேசுங்க.”

பேசினார்கள். சக்கரம் என்றார்கள், சுத்தியல் என்றார்கள், ஞானதிரவியம் வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினார், அவள் பெயரை மட்டும் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை, ‘அந்த வரி’ என்றும் ‘இந்தம்மா விஷயம்’ என்றும் சுற்றிச் சுற்றிப் போனார்கள். தாள் விழுந்தது. எல்லாம் இருந்தது, முப்பிடாதி என்று வர வேண்டிய இடம் மட்டும் கழுவித் துடைத்த தட்டாக வெறிச்சென்று இருந்தது.

“பாத்தியா, மெசினுக்கே தெரியுது,” என்றது வாசலில் நின்ற ஊர். பிறக்கவே பிறக்காத இயந்திரத்துக்கு இவ்வளவு ஆசாரம் தெரிந்திருந்ததில் எல்லோருக்கும் பெருமை. அன்று சாயங்காலமே ஆவுடையப்பன் தன் பெயர் போட்ட பத்திரிகைகளை அடித்து வாங்கி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தார். போகிற வழியில் முப்பிடாதிக்கும் ஒன்று கொடுத்தார்.

அவள் அதை அரிசி டப்பாவின்மேல் வைத்துவிட்டுக் கிரைண்டரைப் போட்டாள். மாவு வாங்கப் பாத்திரத்தோடு நின்ற பொம்பளைகளிடம், அடுத்த வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல், “நானும் ஒரு மெசினு செய்யப் போறேன்,” என்றாள்.

“என்ன மெசினு மதினி?”

“கோலக்குழல் இருக்குல்லா, ஓட்டை போட்ட தகரக்குழல், மாவை உள்ள கொட்டி உருட்டினா தரையில கோலம் விழுமே, அது. கோலத்துக்குப் பதிலா அதுல என் பேரைத் துளைச்சு, இந்தக் கிரைண்டர் மோட்டார்ல பெல்ட்டைப் போட்டு ஓட்டினா?”

உள்ளதைச் சொன்னால், அது அந்த மூன்று ஆம்பளைகளின் யோசனைகளைவிட மட்டமான யோசனை. கோலமாவு தாளில் எப்படி ஒட்டும் என்று குழந்தைகூடக் கேட்கும். பொம்பளைகளும் கேட்டார்கள், கேட்டதோடு நிற்கவில்லை. பாத்திரங்களைக் கீழே வைத்தார்கள், குழல் உருள வேண்டுமா தாள் உருள வேண்டுமா என்று ஒருத்தி ஆரம்பித்தாள், கிரைண்டர் வேகத்துக்குக் குழல் தாங்காது, மிக்ஸி மோட்டார் இன்னும் மோசம், தையல் மெசின் மோட்டார்தான் தோது என்றாள் இன்னொருத்தி, பொடியாகப் போடாமல் பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றினால் காய்ந்த பிறகு பிடித்துக்கொள்ளும் என்றாள் மூன்றாமவள், கரைத்து ஊற்றினால் துளை அடைக்குமே என்று எல்லோரும் அவள்மேல் பாய்ந்தார்கள்.

“முப்பிடாதின்னு துளைக்கணும்னா ‘மு’வுக்குச் சுழி பெருசா வேணுமே, தகரம் கிழிஞ்சிராதா?”

“முப்பிடாதிக்கு முன்னால ‘திருமதி’ வேணுமா, வேண்டாமா?”

“ஒண்ணும் வேண்டாம், முப்பிடாதி போதும்,” என்றாள் முப்பிடாதி.

“மாவு உதிர்ந்துருமே மதினி?”

“உதிரட்டும். மறுபடி போடும்.”

கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். தெருவின் அந்தக் கோடிவரைக்கும் அவள் பெயர் கேட்டது, இத்தனை வருஷமாக மாவுக்காரி என்றும் தங்கச்சாமி பொண்டாட்டி என்றும் மட்டுமே கேட்டிருந்த தெருவில்.

மறுநாள் விடிந்தபோது, ஊத்துப்பொட்டலில் எந்தெந்த வீட்டில் பத்திரிகை இருந்ததோ, காலண்டருக்குப் பின்னாலோ டிவி மேலோ அரிசிப் பானைக்கு அடியிலோ, அத்தனையிலும் கடைசி வரிக்கு மேலே வெள்ளை வெளேரென்று, தொட்டால் விரலில் ஒட்டுகிற மாவெழுத்தில், ‘தங்கள் வரவை நாடும் முப்பிடாதி’ என்று விழுந்திருந்தது. துடைத்தால் போயிற்று, துடைத்த துணியை உதறிவிட்டுத் திரும்பினால் மறுபடியும் இருந்தது. ஆவுடையப்பன் ஈரத்துணியால் துடைத்தார், பிளேடால் சுரண்டினார், கறுப்பு மையைப் பூசினார், கறுப்பின்மேல் வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. குருவம்மாள் ஒன்றை அடுப்பில் போட்டாள். சாம்பலிலும் பெயர் இருந்ததாக அவளே பிறகு தன் தங்கச்சியிடம் சொன்னாள்.

ஊர் காலி மேசைக்கு ஓடியது. அழிக்கிற மெசின் ஒன்றை யோசிக்க வேண்டும் என்று மூவரிடமும் முறையிட்டது. மூவரும் உட்கார்ந்தார்கள். ரப்பர் உருளை ஒன்று போதும் என்றார் பால்பாண்டி. போதும் என்றார் சுடலைமணி. நல்ல யோசனை என்றார் ஞானதிரவியம். வாழ்க்கையில் முதல்முறையாக மூன்று பேருக்கும் ஒரே கருத்து. மேசையில் ஒரு துரும்புகூட விழவில்லை. பழைய பகைகளை எடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மாட்டை அவுத்து விட்டதையெல்லாம் அன்றைக்கே மன்னித்துவிட்டதாகப் பால்பாண்டி சொன்னார்.

பிறகு பிள்ளையார் கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள். அழைக்கக் கூடாதவள் அழைத்திருக்கிறாள், போனால் ஒப்புக்கொண்டதாகிவிடும், ஆகவே போகக் கூடாது என்றார் ஆவுடையப்பன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். சமையலுக்கு யார் என்று கூட்டத்தில் ஒருவர் சும்மா விசாரித்தார். சாத்தூரிலிருந்து வருகிறான், பால்பாயசம், பருப்புப் பாயசம் இரண்டும் உண்டு என்று இன்னொருவர் சும்மா சொன்னார். கடைசியில், போவது பெண்ணுக்காக, தாய் அழைத்ததற்காக அல்ல, ஆகவே வாசலில் யார் நின்றாலும் முகத்தைப் பார்க்காமல் நேராக உள்ளே போய்விடுவது என்று முடிவாயிற்று. கொள்கையையும் விட மாட்டார்கள், பாயசத்தையும் விட மாட்டார்கள், அப்பேர்ப்பட்ட மானஸ்தர்கள்.

கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் கல்கண்டும் வைத்த தட்டோடு குருவம்மாள்தான் நின்றாள், பக்கத்தில் அங்கவஸ்திரம் போட்டு ஆவுடையப்பன். உள்ளே பின்கட்டில், பொம்பளைகள் காய் நறுக்கிய இடத்தில், முப்பிடாதிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். தாலிகட்டு முடிகிறவரை அவள் அங்கேயே இருக்க வேண்டும் என்பதும் வழக்கம். முதல் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டதும் அவள் எழுந்தாள், புதுச்சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டாள், மணமேடையைச் சுற்றி நடந்து வாசலுக்கு வந்து, குருவம்மாளின் கையிலிருந்த தட்டை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள், இத்தனை வருஷமாகக் குருவம்மாளின் தூக்குவாளியை வாங்கி ஒரு கரண்டி மாவு கூடுதலாகப் போட்டுக் கொடுத்த அதே கையை நீட்டினாள், குருவம்மாளும் பழக்கதோஷத்தில் கொடுத்துவிட்டாள்.

வந்தவர்கள் வாசலில் அப்படியே நின்றார்கள். முகத்தைப் பார்க்காமல் போவதாகத்தான் முடிவு, ஆனால் அவள் வாசலின் நடுவில் நின்றாள், பன்னீர்ச் செம்பை எடுத்து முதல் ஆளின்மேல் தெளித்து, “வாங்க,” என்றாள். முதல் ஆள் பால்பாண்டி. பின்னால் திரும்பிப் போகலாமா என்று பார்த்தார், பின்னால் ஊரே நின்றது, உள்ளேயிருந்து நெய்யில் முந்திரி வறுபடுகிற வாசனை வந்தது, பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள், ஊத்துப்பொட்டலில் பத்தும் பறக்கப் பசிகூட வேண்டாம், வாசனை போதும். பால்பாண்டி சந்தனத்தைத் தொட்டுக்கொண்டார், வேறு வழியில்லாமல் தலையாட்டி, “வந்துட்டோம் முப்பிடாதி,” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக அதையே சொல்லிவிட்டு உள்ளே போனார்கள், அவள் ஒருவரையும் விடாமல், ஒருவரையும் பெயர் தவறாமல், வாங்க, வாங்க என்று அழைத்தாள். சண்முகப்பிரியா மணமேடையிலிருந்து கழுத்தை நீட்டி அதைப் பார்த்தபடியே இருந்தாள், ஐயர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

கூட்டம் உள்ளே போனபின் வாசலில் ஆவுடையப்பனும் குருவம்மாளும் மட்டும் மிச்சமிருந்தார்கள். வெளியே போவதா, உள்ளே போவதா, இந்தக் கல்யாணத்தில் தாங்கள் யார் என்று அவர்களுக்கே தெரியவில்லை. முப்பிடாதி செம்பைச் சாய்த்து இரண்டு பேர்மேலும் பன்னீரைத் தெளித்தாள்.

“வாங்க அத்தான், வாங்கக்கா,” என்றாள். “சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”